பார்த்துக்கொள்கிறவர்

சென்ற விநாயக சதுர்த்தியன்று காலையில் அறுகம்புல் கிள்ளக் கீழே இறங்கிப் போனேன். தில்லி மயூர் விஹாருக்குக் குடிவந்த நாளிலிருந்து, முப்பது வருஷத்துக்கு மேலாக, அப்படிப் போவதுதான் வழக்கம். எங்கள் வளாகத்தின் புல்தரை முழுக்க அறுகாகத்தான் இருந்தது. இங்கே அதற்குத் தூப் என்று பெயர். ஊரில் வயல்வரப்பில் குனிந்து கிள்ளியதை இங்கே நான்கு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே கிள்ளினோம். பனியில் நனைந்த அந்த வாசனை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பம்ப் அறைக்குப் பின்னால் ஒரு மூலையை எங்கள் தோட்டக்காரர், மாலி, எனக்காக மிஷின் ஓட்டாமல், மருந்து அடிக்காமல் விட்டுவைப்பார். நான் கேட்டு அவர் விட்டதில்லை. ஒரு வருஷம் நான் நுனி தேடி அலைவதைப் பார்த்திருக்கிறார், அடுத்த வருஷம் அந்த மூலை வளர்ந்து நின்றது. இந்த முறை குனிந்தபோது விரலில் பட்டது வேறு புல். ஊசிபோல் விறைப்பாக, நெருக்கமாக, ஒரே அளவில், கம்பளத்தின்மேல் கைவைத்ததுபோல் இருந்தது. கொரியன் புல் என்கிறார்கள். பாயாகச் சுருட்டி லாரியில் வந்து இறங்கி, ஒரே நாளில் விரிக்கப்பட்ட புல். அது வந்து இரண்டரை வருஷம் ஆகிவிட்டது, நான் தினமும் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டும் இருந்தேன். ஆனால் அறுகு போய்விட்டது என்பது அன்று கையில் பட்டபோதுதான் தெரிந்தது. பூஜைக்குக் கடையில் வாங்கிக்கொண்டேன். அது ஒரு பெரிய விஷயமில்லை. அதற்கு முந்தின இரண்டு சதுர்த்திக்கு எங்கிருந்து அறுகு வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். மருமகள் ஆன்லைனில் வரவழைத்திருந்தாள். அப்படியானால் இவ்வளவு நாள் நான் மாடியிலிருந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற கேள்விதான் இன்னும் உள்ளே உறுத்திக்கொண்டிருக்கிறது.

எங்கள் வளாகத்தில் மெயின்டனன்ஸ் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: மாதம் பத்தாம் தேதிக்குள் கட்டவேண்டிய பணம். 'மெயின்டனன்ஸ் கட்டியாச்சா?' என்று லிஃப்டில் கேட்டுக்கொள்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு செயல் இருந்திருக்கவேண்டும் என்பதே மறந்துபோய்விட்டது. கட்டுரையில் எழுதும்போது 'பராமரிப்பு' என்று எழுதுவேன். அதுவும் கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கிற சொல்லாகிவிட்டது. வீட்டில் நாம் அப்படிச் சொல்வதில்லை. 'தோட்டத்தைப் பார்த்துக்கோ' என்போம். குழந்தையைப் பார்த்துக்கொள்வது, அடுப்பில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொள்வது, படுத்துக்கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வார்த்தை. கண்ணால் பார்ப்பதும் பேணுவதும் தமிழில் ஒன்றாகவே கிடக்கின்றன. பார்க்காமல் பார்த்துக்கொள்ள முடியாது. உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்று என் தாத்தா வருஷத்துக்குப் பத்துத் தடவையாவது சொல்வார், சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். குறளின் உழவு அதிகாரத்தில், உடையவன் போய்ப் பார்க்காத நிலம் மனைவியைப்போல் பிணங்கிக்கொள்ளும் என்று வருகிறது. ஆனால் எங்கள் மண்ணுக்கு யார் உடையவன்? நூற்று இருபது குடும்பங்கள் சேர்ந்த கூட்டுறவுச் சங்கம் இது. தில்லி வளர்ச்சி ஆணையம் ஒதுக்கிய நிலத்தில், பணத்தைத் தவணையாகக் கட்டி, சீட்டுக் குலுக்கி வீடு பிரித்துக்கொண்டவர்கள் நாங்கள். யமுனையின் வண்டல் மண். பக்கெட் ஆழம் தோண்டினால் மணல் வரும். அதற்குச் சட்டப்படி நூற்று இருபது உடையவர்கள். இருபத்திரண்டு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கோ அதில் ஒரு சாண்கூடக் கிடையாது. பழமொழி சொன்னவர் இப்படி ஓர் ஏற்பாட்டை நினைத்துப்பார்த்திருக்க மாட்டார்.

அவர் பதாயூன் பக்கத்துக்காரர். பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் மாலி, பிள்ளைகளுக்கு மாலி பையா. அவர் என்னை ஆன்ட்டிஜி என்பார். காலையில் ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் விசிறியாக விரியும், வெயிலில் சிலநேரம் அதில் வானவில் தெரியும். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து குர்ப்பியால் மண்ணைக் கிளறியபடியே நகர்ந்துகொண்டிருப்பார். அந்த உயரத்தில் இருக்கிற ஆளுக்குத் தெரிவது நிற்கிற ஆளுக்குத் தெரியாது. தசரா கழிந்தால் பெட்டூனியாவும் டாலியாவும் நாற்று விடுவார். குல்தாவ்தி என்று இங்கே சொல்கிற செவ்வந்திக்கு மழைக்காலத்திலேயே நுனி கிள்ள ஆரம்பித்துவிடுவார், கிள்ளக் கிள்ளத்தான் டிசம்பரில் தொட்டி நிறையப் பூக்கும் என்பார். ஏழிலைப்பாலையின் அடியில் புல் வைக்காதீர்கள், வருஷம் முழுக்க இலை அடர்ந்து நிற்கிற மரம், வெயில் விழாது என்று யாரோ கேட்டதற்குச் சொன்னார். அவருடைய வாயிலிருந்து நான் கேட்ட மிக நீண்ட அபிப்பிராயம் அது. டிசம்பர் குளிரில் அறுகு பழுப்பாகிவிடும். செத்துப்போகவில்லை, தூங்குகிறது, ஹோலிக்குள் எழுந்துவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. பங்குனியில் வேம்பு மொத்தமாக இலை கொட்டும். தில்லிக்கு வந்த புதிதில் எனக்கு அது விளங்கவே இல்லை. வசந்தம் என்கிறார்கள், தரை முழுக்க மஞ்சள் சருகு. ஒரு வாரத்தில் அதே கிளையில் செம்பு நிறத் தளிர் வந்துவிடும். அந்தச் சருகை அவர் பெருக்கும் ஓசை, சிமெண்டில் ஒருவிதமாகவும் மண்ணில் ஒருவிதமாகவும் கேட்கும். படுக்கையில் இருந்தபடியே இப்போது எங்கே பெருக்குகிறார் என்று சொல்லிவிடலாம். முன்னெல்லாம் குவித்து எரிப்பார்கள். 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சருகு எரித்தால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்ட பிறகு, சங்கம் மூட்டைகட்டி வெளியே அனுப்பச் சொன்னது. அவர் பாதியை அனுப்பிவிட்டு, பாதியைப் பம்ப் அறைக்குப் பின்னால் குழியில் போட்டு மக்கவைத்தார். அந்தக் குழிக்குப் பக்கத்தில் கொஞ்சம் புதினா, மழைக்காலத்தில் சுவரில் ஏற்றிவிட்ட பீர்க்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கிற வீட்டுக்கு ஒரு கைப்பிடி புதினா கிடைக்கும். நானும் வாங்கியிருக்கிறேன், துவையல் அரைத்திருக்கிறேன்.

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூடியது. வெயிலுக்காகப் புல்தரையில்தான் நாற்காலி போட்டிருந்தார்கள். தேநீரும் சமோசாவும் இருந்தன. பழுத்துக்கிடந்த அறுகின்மேல் உட்கார்ந்துகொண்டு, தோட்டத்தை மேம்படுத்துவது பற்றிப் பேசினோம். ஒரு நிறுவனம் படம்போட்டுக் காட்டியது. சுற்றிவர நடைபாதை, வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் புல், ஓரத்தில் ஒரே உயரத்துக்கு நறுக்கிய செடி, விளக்கு. அந்த நிறுவனமே ஆள் அனுப்பும். மாலி அப்போது பம்ப் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உறுப்பினர் அல்லாதவர் பொதுக்குழுவில் பேச வழியில்லை. பேசலாம் என்றாலும் பேசியிருப்பாரா என்பது சந்தேகம். யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் சரி. கை உயர்த்தச் சொன்னார்கள், நானும் உயர்த்தினேன். ஏன் உயர்த்தினேன் என்று இப்போது யோசிக்கும்போது, அந்தக் காரணங்களை அற்பம் என்று தள்ளிவிட முடியவில்லை. பழைய செங்கல் பாதை வேர் தூக்கிவிட்டு மேடும் பள்ளமுமாக இருந்தது. முந்தின வருஷம் என் வயதுடைய ஒருவர் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, பிறகு நடமாடவே இல்லை. சக்கர நாற்காலியில் இருக்கிற ஒரு பையன் இருந்தான். அவனைப் புல்தரைப் பக்கம் யாரும் தள்ளிக்கொண்டு போக முடியாது. புதிய பாதையில் இன்று அவன் தானே உருட்டிக்கொண்டு சுற்றிவருகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் கை உயர்த்தியது சரிதான் என்று தோன்றுகிறது. இரண்டு அடி தள்ளிப் பார்வை போனால் வேம்பின் அடிமரத்தை நெரித்துக்கொண்டு நிற்கும் கல் தெரிகிறது, அப்போது தவறு என்று தோன்றுகிறது. இந்த இரண்டில் ஒன்றைப் பொய்யாக்க நான் பலமுறை முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் சிமெண்டோ கல்லோ இருக்கக்கூடாது, இருப்பதைப் பெயர்த்தெடுக்கவேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் தில்லி அரசு அமைப்புகளுக்கு உத்தரவிட்டது. நகரத்தின் நடைபாதை மரங்களுக்காகச் சொன்னது. நியாயம் எங்கள் வேம்புக்கும் அதேதான். வேர் தண்ணீரை மட்டுமல்ல, காற்றையும் மண்ணிலிருந்துதான் எடுக்கிறது. மேலே கல் பாவினால் மரம் உடனே சாவதில்லை, சில வருஷங்களில் நுனிக்கிளை காய ஆரம்பிக்கும், பிறகு ஒரு மே மாதப் புழுதிக்காற்றில் சாயும். அதற்குள் கல் பாவியது யாருக்கும் நினைவிருக்காது. 1994இன் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒரு மரத்தையும் வெட்ட முடியாது, 15.7 சென்டிமீட்டர் சுற்றளவுவரை உள்ள கிளைகளை அனுமதியின்றிக் கழிக்கலாம் என்றிருந்த வழிகாட்டுதலையும் 2023இல் உயர் நீதிமன்றம் ரத்துசெய்துவிட்டது. அதனால் குளிர்காலம் வந்தால் எங்கள் வளாகத்தில் ஒரு மனஸ்தாபம் தொடங்கும். கீழ்மாடிக்காரர்களுக்கு வெயில் வேண்டும். தில்லி டிசம்பரில் வெயில் என்பது மருந்து. ஆரஞ்சு உரித்துக்கொண்டும், பட்டாணி உரித்துக்கொண்டும், ஸ்வெட்டர் பின்னிக்கொண்டும் கிழவிகள் வெயிலோடு வெயிலாக நகர்ந்து உட்காருவதைப் பார்த்தவர்கள் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்ல மாட்டார்கள். அதே மரத்தின் நிழல் இல்லாமல் ஜூனில் மேல்மாடிக்காரன் உயிர்பிழைக்க முடியாது. இலவும் முசுக்கட்டையும் குளிர்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். வெயில் வேண்டிய மாதத்தில் வெயிலும், நிழல் வேண்டிய மாதத்தில் நிழலும் அவற்றால் கிடைக்கும். தெற்குப் பக்கம் முசுக்கட்டை வைத்திருக்கவேண்டும் என்று மாலி ஒருமுறை குழாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். மேம்பாட்டுக் காலத்தில் தெற்குப் பக்கம் வந்தது வரிசையாக நெட்டிலிங்கம். படத்தில் அதுதான் அழகாக இருந்தது.

ஒப்பந்தத்தை நான் பிறகு வாங்கிப் படித்தேன். மாதம் எத்தனை தடவை புல் வெட்டவேண்டும், எத்தனை தடவை ஓரச்செடி நறுக்கவேண்டும், எப்போது மருந்து, எப்போது உரம் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. இல்லாத ஒரு வரிதான் 2024 ஜூன் 28 அன்று தெரிந்தது. அன்று காலைவரையிலான ஒரே நாளில் சஃப்தர்ஜங் நிலையத்தில் 228 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஜூன் மாதத்தில் ஒருநாள் மழை அவ்வளவு பெய்தது 1936க்குப் பிறகு அதுவே முதல் தடவை. எங்கள் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர். மழைநீர்ச் சேமிப்புக்குழி எங்களிடம் இல்லாமல் இல்லை. 2001இல் தில்லியில் அது விதியானபிறகு நாங்களும் இரண்டு குழி எடுத்திருந்தோம். அந்தக் குழிகளின் கம்பி மூடிமேல் படிந்திருக்கும் சருகையும் மண்ணையும் வருஷாவருஷம் மழைக்கு முன்னால் மாலி வழித்தெடுப்பாராம். யாரும் சொல்லிச் செய்ததில்லை, எந்தத் தாளிலும் எழுதவில்லை, அதனால் புதிய தாளுக்கும் அது போய்ச் சேரவில்லை. அன்று தண்ணீரில் நின்றுகொண்டு மூடியைத் தேடியபோது, எது எங்கே இருக்கிறதென்று உடையவர்கள் நூற்று இருபது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. வேலை போய் ஊருக்குத் திரும்பிவிட்ட அவருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். ஏ பிளாக் படிக்கட்டுக்கு இடதுபக்கம், நந்தியாவட்டைக்குப் பின்னால் என்று சொன்னார். நந்தியாவட்டை அப்போது அங்கே இல்லை.

பணம் போதவில்லை என்பதுதான் தோட்டங்களின் நோய் என்று நெடுநாள் நம்பினோம். தில்லி அரசு 2004இல் பூங்காச் சங்கம் ஒன்றைத் தொடங்கி, பூங்காவைப் பேணும் குடியிருப்போர் சங்கங்களுக்கு நிதி உதவி தர ஆரம்பித்ததும் அந்த நம்பிக்கையில்தான். அது தப்பான நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். எத்தனையோ காய்ந்த பூங்காக்களுக்கு அதனால் தண்ணீர் வந்தது. எங்களிடமோ பணம் இருந்தது. ஆள்தான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்க்கவில்லை. நிறுவனம் அனுப்புகிற பையன்கள் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார்கள். நல்ல பையன்கள், உழைக்கிறார்கள். காலையில் நொய்டாவில் ஓரிடம், மதியம் இங்கே, சாயங்காலம் வேறிடம். ஒரு மண்ணின் ஒரு வருஷத்தைக்கூட முழுதாகப் பார்க்கிற அவகாசம் அவர்களுக்குத் தரப்படவில்லை. இங்கே முன்பு என்ன இருந்தது என்று தெரிய வழியில்லாத அவர்களைப் பார்க்கும்போது எனக்கு லோதி தோட்டம் நினைவுக்கு வருகிறது. தில்லியில் நான் மிக நேசிக்கிற இடம் அதுதான். பிப்ரவரியில் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு வாரம் தாங்கும். அங்கிருக்கும் பழைய கல்லறைகளைச் சுற்றி கைர்ப்பூர் என்று ஒரு கிராமம் இருந்தது. கிராமத்தை அப்புறப்படுத்திவிட்டுப் புல் வளர்த்து 1936இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்று திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு லோதியின் பெயர் வந்தது. அந்தப் புல்லில் உட்காரும்போது, அங்கே அடுப்பெரிந்த இடம் எதுவாக இருக்கும் என்று கண் தேடும். ஒரு தோட்டத்தை அழகாக்கும்போது அங்கே ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. எங்கள் வளாகத்தில் அப்படிப் போனது ஒரு கிராமம் அல்ல. ஒரு சருகுக்குழி, ஒரு புதினாப் பாத்தி, ஒரு மூலை அறுகு. ஒரு மனிதர். அளவில் சிறியதுதான். ஆனால் அதை அப்புறப்படுத்தக் கை உயர்த்தியவர்களில் நான் இருக்கிறேன், அந்தப் புதினாவைத் தின்றவர்களிலும் இருக்கிறேன்.

அடுத்த பொதுக்குழுவில் தண்ணீர் விடுகிற பையன்களை முதலில் பேசச் சொல்லவேண்டும், மரத்தடிக் கல்லைப் பெயர்க்கவேண்டும், ஒரே ஆளை ஒரு வருஷமாவது இங்கே நிறுத்தவேண்டும் என்று மூன்று வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒத்துக்கொள்வார்கள் என்றுதான் தோன்றுகிறது, யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எழுதிக் கொடுத்ததும் மனம் நிம்மதியாகிவிடுகிறதே, அதைப் பார்த்துத்தான் பயமாக இருக்கிறது. பணம் கட்டியபோதும் இப்படித்தான் நிம்மதியாக இருந்தது.

சதுர்த்தி முடிந்து சில நாள் கழித்து மாலிக்குப் போன் செய்தேன். இப்போது ஊரில் மகனோடு இருக்கிறார். அறுகு இல்லாமல் போனதைச் சொன்னேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். 'தூப் அவ்வளவு சுலபமாகப் போகாது, ஆன்ட்டிஜி' என்றார். பிறகு, 'பம்ப் ரூம் பின்னாடி குழாய் இன்னும் ஒழுகுதா?' என்று கேட்டார். தெரியாது என்றேன். 'சுவரோரம் ஈரம் இருக்கா?' தெரியாது. 'சாயங்கால வெயில் அங்கே விழுதா, இல்லை புதுச் சுவர் ஏதும் எழுப்பிட்டாங்களா?' அதற்கும் என்னிடம் பதில் இல்லை. அவர் அவசரப்படவில்லை, பார்த்துட்டுச் சொல்லுங்க என்று வைத்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. சுவரோரம் ஈரம் இருந்தது, வெயில் ஒரு முழம் அகலத்துக்கு விழுந்தது, அந்த முழ அகலத்தில் புல்லும் இருந்தது. எந்தப் புல் என்று தெரியவில்லை. அறுகின் இலையில் கொஞ்சம் சாம்பல் கலந்திருக்கும், கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படரும். அது தெரிந்தும் நின்றபடி பார்த்ததில் பிடிபடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வலதுமுழங்கால் கடுகடுவென்றது. கொஞ்ச நேரத்தில் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்த பையன், ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து, என்ன தேடுறீங்க ஆன்ட்டிஜி என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒரு தண்டை விரலால் தூக்கிப்பிடித்து, கணுவை வெயிலுக்குத் திருப்பினான்.